சூரியனுக்கு இணைப்பு எண் கேட்டார்கள்

மின்சாதனம் எதுவானாலும், அது எந்த மின்சாரத்தில் ஓடப்போகிறதோ அதிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஏற்புக் கையெழுத்து போட வேண்டும். அதுதான் கொள்முதல் விதி. வத்தல்மலை மருந்தகத்துக்கு வந்த இ.சி.ஜி. இயந்திரத்தைத் தருமபுரியில், கம்பத்து மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பண்டகக் கண்காணிப்பாளன் நான்; இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

மலையில் அப்போது கம்பமே கிடையாது. எண்பதுகளின் கடைசியில் சோதனைக்கென்று வைத்த சூரியத் தகடுகள், பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. விசிறி உறுமிக்கொண்டே சுற்றியது. இ.சி.ஜி. தாளில் மட்டும் நோயாளியின் இதயம் தெரியவில்லை; இன்வெர்ட்டர்தான் துடித்தது.

சாமை விதைக்கும் ஒருவர் மாரைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் மருந்தகத்துக்கு வந்தார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், அறுப்பு முடியட்டும் என்பார். "தாள்ல காட்டுனா அன்னிக்கே டோலி கட்டி எறக்கிருவேன் சார்" என்றார் நர்சம்மா.

காரிமங்கலத்து ரேடியோ மெக்கானிக்கை மேலே கூட்டிப்போனேன். அவர் தன் டிரான்சிஸ்டரை இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்து இரைச்சலைக் கேட்டார்.

"கரண்ட்டு வளைஞ்சு வரணுங்க. இது படிக்கட்டாட்டம் நேரா ஏறி நேரா எறங்குது. ஒரு சோக்கு, நாலு கண்டென்சர் போட்டா சுத்தமாயிரும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேனுங்க."

அரசு உடைமையில் வெளியாள் கைவைக்க எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்றேன். விதி எண்ணையும் சொன்னேன்.

"அந்த நம்பர எழுதி அவரு மாருல ஒட்டி வுடுங்க சார்" என்றார் நர்சம்மா.

ஒப்புதல் கேட்டு மேலிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். 'மின் இணைப்பு எண் குறிப்பிடப்படவில்லை' என்று திரும்பி வந்தது. சூரிய ஒளி, இணைப்பு இல்லை என்று எழுதினேன். 'இணைப்பே இல்லாத இடத்தில் மின் திருத்தம் கோருவதன் காரணம் விளக்குக' என்று மறுபடி வந்தது. அலையைப் படமாக வரைந்து மூன்று பக்கம் விளக்கினேன். நல்ல கடிதம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

தை மாதம் ஒரு காலையில் சாமைக்காரரை டோலி கட்டி இறக்கினார்கள். பாதி வழியில் நின்று, திரும்ப மேலேயே தூக்கிப் போனார்கள். நர்சம்மா எனக்கு ஆள் அனுப்பவில்லை. மறுவாரம் மருந்துப் பட்டியலின் அடியில், சாமைக்காரருக்கு இனி மருந்து தேவையில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

தகுதியானவரைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம் என்ற ஒப்புதல் என் மேசைக்கு வந்தது, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.