முந்திக்கொண்ட கை

டிசா ஆற்றங்கரை விமானப் பயிற்சிப் பள்ளியில் துன்யாவுக்கு வேலை கிடைத்ததை ஊரில் எல்லோரும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அன்று அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை.

துன்யாவும் நெவெனும் ஒரே வாரத்தில் பயிற்றுநர் உரிமம் வாங்கியவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை கிடைத்தாலும் போதும், இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் புதிதாக உரிமம் வாங்கிய பயிற்றுநரை யார் சீந்துகிறார்கள்? பெரிய கம்பெனிக்காரன் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்று கேட்பான். கற்றுக்கொடுத்தால்தான் மணி ஏறும். கற்றுக்கொடுக்கப் போனால், புது ஆளுக்குப் பக்கத்தில் நின்று மேய்க்க எங்களிடம் மூத்தவர் இல்லையம்மா என்று பள்ளிக்காரன் கையை விரிப்பான். வடக்கே நோவிசாத் முதல் தெற்கே நிஷ் வரை இருவரும் ஏறி இறங்காத படியில்லை. நெவென் வயிற்றுப்பாட்டுக்கு டயர் கடையில் வேலை பார்த்தான். அங்கே வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கேப்டன், டயர்ல காத்து போதுமா, இல்ல மேல போய்ப் பாத்துட்டு வரீங்களா?"

அவன் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அது துன்யாவுக்கு மட்டும் தெரியும்.

கடைசியில் ஸ்லாவ்கோ கூப்பிட்டார். துன்யாவுக்கு முதன்முதலில் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், இப்போது அந்தப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர். கோடையிலிருந்து ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றார். தானே ஒன்றும் தெரியாத மாணவனாக நடித்து இரண்டு பேரையும் சோதித்துப் பார்ப்பதாகவும் சொன்னார்.

முதலில் நெவென். துன்யா பின் இருக்கையில் இருந்தாள். தரை நெருங்கும்போது ஸ்லாவ்கோ வேண்டுமென்றே விமானத்தின் மூக்கை அதிகமாகத் தூக்கினார். மாணவன் தன் தவறை உணர்ந்து தானே திருத்தும் வரை பயிற்றுநர் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். இந்த வேலையே அதுதான். நெவென் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாய்ந்து, விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கைப் பிடுங்கினான்.

"தம்பி, உன்கிட்ட படிக்கிறவன் கடைசி வரைக்கும் எறங்கவே மாட்டான். நீதான் எறங்கிக்கிட்டு இருப்பே" என்றார் ஸ்லாவ்கோ. நெவெனின் காது சிவந்துபோயிற்று. பின் இருக்கைக்கு மாறினான்.

அடுத்து துன்யா. பொறுமை அவளுக்குக் கைவந்த விஷயம், அது நெவெனுக்கும் தெரியும். ஆனால் காதில் மாட்டிய ஹெட்போனில் பின்னாலிருந்து அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஜெயித்தால் இவன் உடைந்துபோவான் என்று நினைத்தாள். ஸ்லாவ்கோ மூக்கைத் தூக்கத் தொடங்கியதுமே கையை நீட்டி, "என்கிட்ட விடுங்க" என்று ஸ்டிக்கை வாங்கிக்கொண்டாள். அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தாள்.

இறங்கியதும் ஸ்லாவ்கோ அவளை விமானக் கொட்டகை ஓரமாக அழைத்துப்போனார்.

"பயத்துல பிடிக்கிற கை இறுகும். உன் கை பூவெடுக்கிற மாதிரி இருந்துச்சு. நீ பயந்து பிடிக்கல."

"அவனுக்கே குடுத்துருங்க மாமா. போகப் போகக் கத்துக்குவான்."

அவர் சிகரெட்டை முழுசாகப் பிடித்து முடித்தார். "சரி. திங்கக்கிழமை வரச் சொல்லு. உனக்காகத்தான்."

பேருந்து நிலையத்துப் பேக்கரியில் பாலாடைக்கட்டி வைத்த புரெக் அப்பமும் தயிரும் வாங்கி வைத்துக்கொண்டு செய்தியைச் சொன்னாள். நெவென் தட்டைத் தொடவே இல்லை.

"ஏன் பிடிச்சே?"

"பதட்டமாயிருச்சு."

"துன்யா, நான் பின்னாடிதான இருந்தேன்."

அவள் தன் புரெக்கைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தாள்.

"தோத்திருந்தா தோத்துட்டுப் போயிருப்பேன்" என்றான். "ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்துட்டு, தன்னால உன்கிட்ட வந்திருப்பேன். நீ அதுக்குக்கூட விடலையே. என்னால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே."

"உன் மேல இருக்கிற ஆசையிலதான்..."

"தெரியும். டயர் கடையில கேலி பண்றவன்கூடப் பரவால்ல, அவன் பாவம் பாக்கல."

திங்கட்கிழமை அவன் பள்ளிக்குப் போகவில்லை. ஆஸ்திரியாவில் டைல் ஒட்டும் அக்கா புருஷனிடம் போய்ச் சேர்ந்தான். காலியாக இருந்த இடத்துக்கு ஸ்லாவ்கோ துன்யாவைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி ஏது? நெவெனுக்குப் போன் செய்வாள். எடுப்பான். நல்லா இருக்கியா என்று கேட்பான். பிறகு, பசை காஞ்சிடும், போகணும் என்று வைத்துவிடுவான். இலையுதிர் காலம் வந்தது, கல்யாணம் வரவில்லை. அதைப் பற்றி இரு வீட்டிலும் பேச்சே எழவில்லை.

மறு வசந்தத்தில் அவளிடம் படித்தவர்களில் லுபிட்சா என்ற பல் டாக்டரும் ஒருத்தி. நல்ல வாயாடி. ஒருநாள் இறங்கும்போது டாக்டர் விமானத்தின் மூக்கை ஏகத்துக்குத் தூக்கிவிட, அது மிதந்து தரையில் மோதி எழும்பியது. துன்யாவின் கைகள் மடியிலேயே இருந்தன. டாக்டர் திணறி, திட்டிக்கொண்டே தானாகச் சரிசெய்து இறக்கினாள்.

"கொஞ்சம் பிடிச்சிருக்கக் கூடாதாடி? உசிரு தொண்டைக்கு வந்துருச்சு."

"நீங்களே எறக்கிட்டீங்களே."

"உனக்குப் பயமே கிடையாதா?"

"பயமாத்தான் இருந்துச்சு டாக்டர். இருந்தாலும் உங்க கையிலயே விட்டேன்."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கும் இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது. யாரோ ஒருத்தியைத் தானே தடுமாறி எழ விட முடிந்தது, உயிராக நினைத்தவனைத் தோற்று எழ விடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத அளவுக்குக் கண்ணீர் வந்தது.

"இன்னொரு சுத்து போலாமா?" என்று டாக்டர் கேட்டாள்.

துன்யா திரும்பாமலே சரி என்று தலையை ஆட்டினாள்.