அடுப்படியில் நின்று சாப்பிட்டவள்

எதிர் வீட்டு ஆனந்தகுமாரின் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது எந்த டாக்டரும் இல்லை, அவர் மனைவி பேச்சியம்மாள்தான். இதை மந்தைவெளியில் எந்தத் தெருமுனையில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அவளுக்கும் அதே நோய் இருந்ததையும், அந்த வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்காததையும், போன ஆவணியில் அவள் போய்ச் சேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

அவர்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். ஆனந்தகுமாருக்கு ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் நைட்டியும் உள்பாவாடையும் விற்கிற கடை. மகன் அறிவு தரமணியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மகள் அனுப்ரியா கல்லூரியில் படிக்கிறாள். பேச்சியம்மாள் என்னை மாமி என்பாள், நான் அவளை வாடி போடி என்பேன். இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே இருந்ததால் அவள் எதைத் தாளிக்கிறாள் என்பது எனக்கும், நான் எதைத் தீய்த்தேன் என்பது அவளுக்கும் உடனே தெரிந்துவிடும்.

ஒரு நாள் கடையில் ஆனந்தகுமார் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், இப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கண்ணோ காலோ போகும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மனிதர் அப்படித்தான் சாப்பிடுவார். ராத்திரிக்குப் பரோட்டா, மதியம் மலை மாதிரி சோறு, டீ என்றால் கூடவே ஒரு கிண்ணம் மிக்சர். டாக்டர் சொன்னதைக் கேட்டு அவர் பயந்தாரோ இல்லையோ, பேச்சியம்மாள் நடுங்கிப்போனாள்.

அவளுக்குப் புருஷனிடம் எதிர்த்துப் பேசத் தெரியாது. ஆனால் காரியக்காரி. காப்பியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. ஸ்பூனில் கொஞ்சம் குறைப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். முகம் கோணவில்லை என்றால் சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம். பொங்கலுக்கு ஆரம்பித்தவள், ஆடி பிறப்பதற்குள் வெறும் காப்பியை அவர் சப்புக்கொட்டிக் குடிக்கும்படி செய்துவிட்டாள். சோற்றுக் கரண்டி சின்னதானது, தட்டும் சின்னதானது. முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்து, பாதிப் பசி அடங்கிய பிறகுதான் சோற்றோடு வருவாள். தோசை மாவில் கேழ்வரகும் பச்சைப்பயறும் மெல்லப் புகுந்தன. மிக்சர் டப்பாவில் சுண்டல் இருந்தது. அறிவுதான் முறுக்கிக்கொண்டு போனில் பிரியாணி வரவழைத்தான். அவள் திட்டவில்லை. பிரியாணிக்குப் பக்கத்தில் வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் பிரியாணி குறைந்தது, வெள்ளரிக்காய் நிலைத்தது. தெற்கு மாட வீதியில் கீரைக்காரி அவளைப் பார்த்தாலே கட்டுகளைத் தனியாக எடுத்து வைப்பாள்.

சரி, அந்த வீட்டை விட்டு விரட்டப்பட்ட பண்டமெல்லாம் எங்கே போயிற்று?

கல்யாண வீட்டு லட்டு வரும். தீபாவளிக்கு வியாபாரிகள் பெட்டி பெட்டியாக மைசூர்பாகு அனுப்புவார்கள். மதியம் வடித்த சோறு, மற்றவர்கள் குறைத்துக்கொண்டதால் தினமும் மிஞ்சும். வைத்திருந்தால் அவர் கை போகும் என்று அவளுக்குப் பயம், குப்பையில் கொட்டவோ மனம் வராது. எல்லாரும் சாப்பிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே பாத்திரத்தோடு எடுத்து விழுங்குவாள். சாப்பாட்டு மேஜையில் நாலு நாற்காலி உண்டு. நாலாவதில் எப்போதும் மடிக்க வேண்டிய துணி குவிந்திருக்கும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

"ஏண்டி, அவருக்கு விஷம்னு ஒதுக்கறதையெல்லாம் நீ எதுக்குடி தின்னுண்டிருக்கே?"

"எனக்கு என்ன மாமி, நான் ஒல்லிக்குச்சிதான? வச்சிருந்தா இவுக எடுத்துத் தின்றுவாக. கொட்டுனா பாவம்."

சர்க்கரை நோய் குண்டாக இருப்பவர்களைத்தான் பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கே ஆள் வரும் திட்டம் ஒன்றில் அனுப்ரியா பணம் கட்டியிருந்தாள், குடும்பத்தில் நாலு பேருக்கு. அந்த ஆள் வந்த அன்றைக்குப் பார்த்து ஊரிலிருந்து ஆனந்தகுமாரின் அண்ணன் வந்திருந்தார். பேச்சியம்மாள் தன் இடத்தில் அவரை உட்காரவைத்துக் கையை நீட்டச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் காப்பி போடப் போய்விட்டாள். தனியாகவாவது ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.

ஆனந்தகுமாருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் ஓடிவந்தாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னதும் கதவோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இவுக பொழச்சுக்கிட்டாக மாமி."

அதற்குப் பிறகுதான் அவள் இளைக்க ஆரம்பித்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டியது. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அம்மாவும் டயட்டில் ஜெயித்துவிட்டாள் என்று அனுப்ரியா தோழிகளிடம் சொன்னாள். பேச்சியம்மாள் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்ல பழக்கம் என்று மகள் பெரிய பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பத்தியம் இருந்தது அப்பா, இளைத்தது அம்மா என்று அறிவு கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் ஆனந்தகுமாரை மாடிப்படியில் நிறுத்தினேன். இவளை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கூட்டிப் போகிறேன் என்றுதான் சொன்னார்.

"ஆடித் தள்ளுபடி முடியட்டும் மாமி. கடையில நிக்க நேரமில்ல."

அவர் தினமும் காலையில் நடக்க வேண்டும் என்பதால் துணைக்கு இவளும் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடப்பாள். புதுச் செருப்பு கடித்து, குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. வலி தெரியவில்லை என்றாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்துக் குடித்தாள். ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, பால் பொங்கி அடுப்பு அணைந்த வாடை என் ஜன்னல் வரைக்கும் வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. நானும் அனுப்ரியாவும் உள்ளே போய்ப் பார்த்தபோது அடுப்படியில் விழுந்துகிடந்தாள்.

அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். வெளியே வந்து, இந்த அம்மாவுக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

ஆனந்தகுமார் எழுந்து நின்றார்.

"சுகர் எனக்குத்தான் சார்" என்றார்.

டாக்டர் கையிலிருந்த காகிதத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தார் ஆனந்தகுமார். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, பல காலமாக இருந்திருக்கிறது என்றெல்லாம் டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு முறை பேச்சியம்மாளுக்கு நினைவு வந்தது. கொண்டைக்கடலை ஊறப்போட்டது கெட்டுப்போகும், எடுத்து வேகவை என்று மகளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்து சொந்தமெல்லாம் வந்திருந்தது. ஆனந்தகுமாரின் அக்கா சமையலுக்கு உட்கார்ந்தார். படையலில் போனவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும், என்னென்ன செய்யட்டும் என்று கேட்டார்.

அறிவு தங்கையைப் பார்த்தான். அனுப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அம்மாவுக்கு என்ன புடிக்கும்?"

அவள் சாப்பிட்டு நான் பார்த்ததெல்லாம் மிச்சத்தைத்தான். இது வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியலையேடி குழந்தை என்று சொல்லி அழுதேன். வேறென்ன சொல்ல முடியும்? தெரியாததால் அக்கா எல்லாவற்றையும் செய்தார். சூடான வெள்ளைச் சோறு, பருப்பு, நெய், உருளைக்கிழங்கு, வடை, பாயசம். தலைவாழை இலையில் இடம் போதவில்லை.

படைத்ததில் கொஞ்சம் எடுத்து மொட்டை மாடியில் வைத்தார்கள். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. காக்கை வரவில்லை. அறிவு கூப்பிட்டுப் பார்த்தான், அனுப்ரியா கூப்பிட்டுப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நின்ற ஆனந்தகுமாருக்குக் கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அக்கா பயந்துபோனார். நோயாளிக்குத் தோஷம் இல்லை, நீ கீழே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிடு என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நானும் சொன்னேன்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த இலையையே பார்த்தார். நகரவில்லை.

"அவ சாப்புடட்டும்க்கா" என்றார். "பெறகு நான் சாப்புடுறேன்."