ரெண்டு பந்து தெரிஞ்ச நாட்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். மைக்கைப் பிடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நம்ம காயல்பட்டினத்துல நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே பந்து உதைச்சிருதோம், பேச எங்க நேரம்? ஆனா எனக்கு நடந்ததை நான்தான் சொல்லணும்.

போன வருஷம் பெருநாள் கழிஞ்சு பத்து நாள் இருக்கும். கேரளத்துல ஒரு தொழில்முறை கிளப்புல நடுக்கள ஆட்டக்காரனா சேர்ந்திருந்தேன். மூணாவது மேட்ச். பந்தைத் தலையால முட்டக் குதிச்சேன், எதிர் அணிக்காரன் தலை என் நெத்தியில மோதிருச்சு. விழுந்தேன், எழுந்தேன். கிளப் டாக்டர் கேட்டதுக்கு, "ஒண்ணுமில்லை சார், நல்லாருக்கேன்"னு சொல்லிட்டேன். அது பொய்.

மறுவாரம் பயிற்சிக்கு இறங்கி, குனிஞ்சு பந்தைப் பார்த்தா ரெண்டு பந்து. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. எதை உதைக்க? கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் ரெண்டுதான். தலையை ஒரு பக்கமா சாய்ச்சா மட்டும் ஒண்ணாச் சேரும். சாய்ச்சுக்கிட்டே ஆடினேன். அஞ்சு பாஸ் கொடுத்தா மூணு எதிராளி கால்ல போய் விழுந்துச்சு. தொழுகையில சுஜூது செய்யுற இடத்தைப் பார்த்தா பாயோட கோடுகூட ரெட்டையா இருந்துச்சு. நெத்தியை வச்சுட்டு அப்படியே அழுவேன். "யா அல்லாஹ், யாருக்கும் தெரியாம இதை சரியாக்கிரு." அதுதான் என் துஆ. ஒரு வருஷ ஒப்பந்தம், அத்தனை வருஷக் கனவு. வெளிய தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னு பயம்.

முதல்ல கண்டுபிடிச்சது என் லாத்தா, கூடப்பிறந்த மூத்தவ. வீடியோவுல பேசிக்கிட்டிருந்தவ பட்டுன்னு நிறுத்தினா.

"தம்பி, ஏன் தலையைச் சரிச்சு வச்சிருக்கே?"

"சும்மாதான்."

"நாலு நாளா பாக்குறேன். சும்மா இல்லை. சொல்லு."

சொல்லிட்டேன். அவ திட்டலை. "நீ துஆவுல சரியாக்கிருன்னு மட்டுமா கேக்குறே? உண்மையச் சொல்லத் தைரியம் கொடுன்னும் கேளு"ன்னா.

அன்னைக்கு அஸர் தொழுதுட்டு அதைத்தான் கேட்டேன். கேட்ட சூட்டோட கோச் ரூமுக்கு நடந்தேன்.

"சார், எனக்கு ரெண்டு பந்து தெரியுது."

அவர் மலையாளி, தமிழ் நல்லாப் பேசுவார். "எத்தனை நாளா?"

"பதினெட்டு நாளா, சார்."

அவர் முகம் சிவந்துருச்சு. "இதோட இன்னொரு அடி தலையில வாங்கியிருந்தா நான் உன் உம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?"

முடிஞ்சுது, பெட்டியைக் கட்டணும்னு நினைச்சேன். அவர் சொன்னது வேற. "ஊருக்குப் போய் நல்ல டாக்டரைப் பாரு. திரும்பி வா. ஆட முடியாட்டி உக்காந்து பாரு. உன் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கலை."

திருநெல்வேலியில கண் டாக்டரம்மா ஒருத்தங்க சோதிச்சாங்க. கண்ணைக் கீழ இறக்குற நரம்புல அடியாம். "இதுக்கு மருந்து இல்லப்பா. பெரும்பாலும் தானா சரியாகும். சில பேருக்கு ஆகாது. மூணு மாசம் பார்ப்போம்"னு சொல்லி, ஒரு பக்கம் மறைச்ச கண்ணாடி கொடுத்தாங்க.

அந்தக் கண்ணாடியோட கிளப்புக்குத் திரும்பி, கேலரி உச்சியில உக்காந்து எங்க அணி ஆடுறதைப் பார்த்தேன். நடுவுல ஆடுறவன் எப்ப எங்க நிக்கணும்னு எழுதித் தரச் சொன்னார் கோச். அதுவரைக்கும் பந்து எங்கயோ அங்க ஓடுறவன் நான். மேல இருந்து பார்த்தாத்தான் ஆளில்லாத இடமெல்லாம் தெரிஞ்சுது. ஒரு நோட்டு நிறைஞ்சுபோச்சு.

மூணாவது மாசம் ஊருக்கு வந்திருந்தேன். லாத்தா வீட்டுல சாப்பாடு, கடைசியில தேங்காப்பாலும் முட்டையும் சேர்த்து அவிச்ச வட்டலப்பம். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு முகம் கழுவி வந்து உக்காந்தேன். தட்டைக் குனிஞ்சு பார்த்தேன்.

"லாத்தா! ஒரு வட்டலப்பம்தான் இருக்கு!"

"இருக்கட்டும், தின்னு முடி. இன்னொண்ணு வைக்கேன்."

"ஐயோ, ஒண்ணுதான் தெரியுது லாத்தா!"

கரண்டியைப் போட்டுட்டு ஓடிவந்தா. விரலை நீட்டினா, கீழ இறக்கினா, இடது, வலது. எல்லாம் ஒண்ணு ஒண்ணு. உம்மா அழ, லாத்தா சிரிக்க, நான் அங்கனயே நன்றி சொல்லி ஷுக்ர் சுஜூதுல விழுந்தேன். பிறகு ரெண்டு வட்டலப்பம் தின்னேன்.

டாக்டரம்மா சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் களத்துக்குப் போனேன். முதல் மேட்ச், கடைசி அரை மணி நேரம். பந்து கால்ல பட்டதும் குனியவே தோணலை. வலது ஓரத்துல ஆளில்லாத இடம், அங்கன தட்டிவிட்டேன். எங்க ஆள் ஓடிப்போய் கோல் போட்டான். கோச் நான் எழுதின நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

நான் கேட்டது யாருக்கும் தெரியாம குணமாகணும்னு. அல்லாஹ் கொடுத்தது, என் குறையைச் சொல்ல ஒரு வாயும், அதைக் கேட்டுத் தாங்குற மனுஷங்களும். கண்ணும் கொடுத்தான், அல்ஹம்துலில்லாஹ். இப்ப தலைவலின்னாலும் டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிருதேன். என்னைப் பார்த்து அணியில ரெண்டு பேர் மறைச்சு வச்சிருந்த வலியைச் சொன்னாங்க.

இங்கன உக்காந்திருக்கிற உங்கள்ல யாராவது ஒண்ணை மறைச்சு வச்சுக்கிட்டுத் தவிச்சா, ஒண்ணு சொல்றேன்: இப்ப மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. தொழுது முதல்ல அல்லாஹ்கிட்ட சொல்லுங்க. பிறகு வீட்டுக்குப் போய், உங்களுக்குப் பிரியமானவங்ககிட்ட சொல்லுங்க. வழி அவன் திறப்பான்.