இடைவேளையோடு எழும்பிப் போனவர்கள்

டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எல்லாப் படத்தின் முடிவும் தெரியும். நிம்மதியாக இருந்து பார்த்த படம் ஒன்றும் இராது.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னத் தியேட்டரில் எனக்கு அந்த வேலை. மனைவி வதனி, நடமாட முடியாத ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் தங்கி நின்று அவரைப் பார்த்துக்கொள்கிறாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவளுக்கு லீவு. ஞாயிறென்றால் எனக்குத் தலைபோகிற வேலை. ஆக, எங்கள் குடும்பம் வியாழனில் மட்டும் நடக்கிறது. கொஞ்ச நாளாக அதிலும் அவள் வாய் திறப்பதில்லை. தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள், போனைக் கவிழ்த்து வைக்கிறாள், போய்விடுகிறாள். இப்படி ஒரு வீடு உங்களுக்கும் இருந்தால், இந்தக் கதை உங்களுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து எபிரேய மொழிப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் யாரோ நாலு பேர் சேர்ந்து எடுத்தது. வேறொருவனோடு பழகிவிட்ட மனைவி அதைப் புருஷனிடம் சொல்வாளா, மாட்டாளா என்பதுதான் கதை.

வாசிக்கிற சண்டை

இங்கே வேற்றுமொழிப் படங்களும் இத்தாலிய மொழியில்தான் பேசும். இது எபிரேயத்தில் பேசியது. கீழே இத்தாலிய எழுத்து ஓடியது. இத்தாலியக் குரல் மாற்றிப் போடப் படம் எடுத்தவர்களுக்கு வசதியில்லை என்று வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. சந்தையில் மீன் விற்கும் ஒரு சிஞ்ஞோரா கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, சற்று நேரத்திலேயே வெளியே வந்தார்.

"புருஷன் பெண்சாதி சண்டையைக் காதால் கேட்கத்தான் வந்தேன், வாசிக்க இல்லை."

விளக்கு

எங்கள் தியேட்டரில் எந்தப் படத்தையும் நடுவில் நிறுத்தி இடைவேளை விடுவோம். மெஷின் ஓட்டுகிற சால்வோ நேரத்தைப் பார்ப்பானே தவிரக் கதையைப் பார்க்க மாட்டான். சாப்பாட்டு மேசையில் அந்த மனைவி, ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கும்போதே விளக்கைப் போட்டுவிடுவான். ஒருநாள் ஒரு தம்பதி வந்தார்கள். இடைவேளையில் கோப்பி குடிக்கப் போன மனுஷன் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுக்கவா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கதவைச் சாத்துங்கள். மிச்சக் கதை அவருக்குத் தெரியும்."

வியாழன்

அந்த வியாழன் எனக்குப் பின்னேரக் காட்சி விழ, வதனியைத் தியேட்டருக்கே வரச் சொன்னேன். நான் நிற்கிற வாசலோரம், கடைசி வரிசையில் இருத்தினேன். பக்கத்தில் இருந்தாலாவது ஏதும் கதைப்பாள் என்ற நப்பாசை. அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மேசைக் காட்சி வந்தது; சால்வோ விளக்கைப் போட்டான். அவள் கன்னம் நனைந்திருந்தது.

சிஞ்ஞோராவின் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் போயாக வேண்டும். கைப்பையோடு வாசலில் நின்று, "அவள் சொல்லிப்போடுறாளே? மனுசன் என்ன செய்யிறான்?" என்று கேட்டாள்.

படத்தில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓம், சொல்லுறாள், அவன் மன்னிச்சுப்போட்டு அவளோடை இருந்து சாப்பிடுறான் என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வதனி என் கையைப் பிடித்தாள்.

"அப்ப வாற வியாழன் வீட்டை நில்லுங்கோ. உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்."

பாதியில் எழும்பிப் போகிறவர்களுக்கு முடிவை மாற்றிச் சொல்லக் கூடாது என்று இந்தத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இனி வியாழனுக்குள், மாற்றிச் சொன்ன அந்த முடிவை நான்தான் நடித்துப் பழக வேண்டும்.