பண்ணைக் கதவுக்குள் வளர்ந்த பிள்ளை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒருநாள் வயதுக் குஞ்சு வண்டியை விட்டு இறங்கும்போதே எது முட்டைக்கு நிற்கும், எது நிற்காது என்று என்னைப்போலச் சொல்ல எருமப்பட்டிப் பக்கம் இன்னொரு ஆள் கிடையாது. கால்நடை டாக்டருக்குப் படித்தவர்கள்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். இருநூறு கோழியில் தொடங்கியவனுக்கு இன்று ஒன்பது ஷெட். யார் தயவும் இல்லை.

என் முறை எளிது. குஞ்சுத் தட்டின் விளிம்பில் விரல் நகத்தால் இரண்டு தட்டு. நல்ல குஞ்சு தலையைத் தூக்கித் திரும்பும். திரும்பாததை எடுத்துத் தனிப்பெட்டியில் போடுவேன். அந்தப் பெட்டிக்குள் போனது எதுவும் மறுபடி ஷெட்டுக்கு வந்ததில்லை. நாற்பது வருடமாகச் செய்கிறேன், ஒருநாளும் தயங்கியதில்லை.

போன ஆவணியில் ஒருநாள் காலையில் தயங்கினேன்.

என் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. கூடத்தில் உட்கார்ந்து சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இட்லித் தட்டோடு வந்தேன். நாற்பது வருடப் பழக்கம், தட்டின் விளிம்பில் நகம் தானாகவே இரண்டு தட்டியது. அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். “சாமி” என்றேன். “தங்கம், தாத்தனைப் பாரு” என்றேன். விசிறி சுற்றியது, அவளும் அதையே பார்த்தாள்.

என்னைக் கேட்காமலே என் புத்தி அந்தத் தனிப்பெட்டியருகே போய் நின்றது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக இன்றுவரை எனக்கு என் மேலேயே பயம். தட்டைக் கீழே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன்.

மருமகள் வந்து பார்த்தாள். எம்.காம். படித்த பிள்ளை, பண்ணையின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள்தான். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“மாமா, இதைத்தானுங்க நான் ஒரு வருசமாச் சொல்றேன்.”

சொன்னாள்தான். கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை, ஒரு வார்த்தை வரவில்லை, டாக்டரிடம் காட்டலாம் என்று மூன்று தடவை சொன்னாள். நான் சிரித்தேன். “நம்ம வம்சத்துல எல்லாரும் மெதுவாத்தான் பேசுவாங்க அம்மிணி. உன்ற ஊட்டுக்காரன் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இன்னைக்கு அந்த வாயை மூட முடியுதா?” அவளும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். அப்படியே ஒரு வருடம் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடு பண்ணைக்கு உள்ளே இருக்கிறது. நான்கு வருடம் முன் பக்கத்துப் பண்ணையில் நோய் புகுந்து, ஒரே வாரத்தில் ஒரு ஷெட் கோழி முழுக்கச் சாய்ந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம்: வெளியாள் எவரும் என் கதவைத் தாண்டக்கூடாது. வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணியில் நனைந்துதான் உள்ளே வரும். ஒரம்பரை, சொந்தக்காரர் யார் வந்தாலும் கதவடியில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டாரும் வெளியே ஒரு விசேஷத்துக்குப் போவதில்லை. என் பண்ணைக்கு நோய் வரவில்லை. அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னேன். அந்தக் கதவுக்குள்தான் பேத்தி பிறந்து வளர்ந்தாள். அவள் கையில் செல்போன். அதில் பாட்டு.

அங்கன்வாடி டீச்சர் எத்தனையோ தடவை வந்தார். கடைசித் தடவை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

“ஏனுங்க, பாப்பாவை ஒரு எட்டுப் பார்த்து, எடை போட்டுட்டுப் போயிர்றேனுங்க.”

“டீச்சர், நீங்க பத்து ஊட்டுக்குப் போறீங்க. ஊட்டுக்கு ஊடு நாட்டுக்கோழி மேயுது. உங்க செருப்புல என்ன ஒட்டியிருக்குதுன்னு எனக்கென்னங்க தெரியும்?”

“செருப்பைக் கழட்டிட்டு வாரேனுங்க.”

“கால் இருக்குதுல்லீங்க?”

வாட்ச்மேன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். பிறகு வரவில்லை.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். காது பரிசோதிக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தலையில் வயர் ஒட்டி அவளை உள்ளே கொண்டுபோனபோது, அவள் கிடந்த கிடையைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கையில் தூக்கிப் பார்த்தவன், அங்கே அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காது கேட்காது என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். கேட்கிறது என்று சொன்னால், பிறகு ஏன் திரும்பவில்லை என்று அதைவிடப் பெரிய பயம்.

காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற அம்மா ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். “எதையாவது விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுவாளா?”

யோசித்தேன். தெரியவில்லை. ஒவ்வொரு குஞ்சின் நடையும் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. மருமகள்தான் மெதுவாக, “இல்லீங்க” என்றாள்.

“எத்தனை குழந்தைகளோட விளையாடுறா?”

“ஊட்டுல அவ ஒருத்திதானுங்க” என்றாள் மருமகள்.

“இதுவரைக்கும் எத்தனை குழந்தைகளைப் பார்த்திருப்பா?”

மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா திட்டவில்லை. பிறவியிலேயே இருக்கிற காரணமாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், இப்போது எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன் என்றார். செல்போனை எடுத்துவிடுங்கள், வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வாருங்கள், தினமும் பிள்ளைகள் நடுவில் விடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். எழுந்தபோது ஒன்று சொன்னார்: “ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.” குஞ்சுக்கு முதல் வாரச் சூடு தவறினால் பிறகு எத்தனை தீவனம் போட்டாலும் ஈடாகாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்.

மறுநாள் அங்கன்வாடி வாசலில் போய் நின்றேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்க. செருப்பை மட்டும் கழட்டினாப் போதுமுங்க. காலைக் கழட்ட வேண்டாம்.”

வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

நாட்டுக்கோழி மேயும் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிற ஆள் ஷெட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. அது நான் போட்ட சட்டம். “பாப்பாகூட அங்கன்வாடிக்குப் போக யாராச்சும் ஒருத்தர் ஷெட்டை விடோணுமுங்கப்பா” என்றான் மகன். நான் விட்டேன். ஐந்து மாதமாக ஒரு குஞ்சைத் தொடவில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவைத் திறந்ததே தப்போ என்று பயந்தேன். அவள் திரும்புகிறாளா என்று நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன். “ஏனுங்க, பிள்ளையைச் சோதிச்சுக்கிட்டே இருக்காதீங்க. கூட உக்காந்து மண்ணை அள்ளுங்க” என்றார் டீச்சர். அறுபத்தெட்டு வயதில் மண்ணை அள்ளினேன்.

போன புதன்கிழமை முட்டை கொடுக்கிற நாள். பிள்ளைகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்து தட்டைத் தரையில் அடித்துச் சத்தம் போட்டார்கள். இவளும் அடித்தாள். பக்கத்துப் பிள்ளையின் முட்டை உருண்டு சுவரோரம் ஓடியது. இவள் அதைப் பார்த்தாள். கையைத் தூக்கி, ஒற்றை விரலை நீட்டினாள். நீட்டியபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“நெசமாவே காட்டினாளா? என்னையத்தான பாத்தா?”

“உங்களையத்தானுங்க. மொதல்ல அந்த முட்டையை எடுத்துக் கொடுங்க, அந்தப் பிள்ளை அழுவுது.”

எடுத்துக் கொடுத்தேன். அவள் மறுபடி காட்டுவாளா என்று மீதி நேரம் முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டவில்லை. வார்த்தை இன்னும் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதம் ஆறு மாதக் கெடு முடிகிறது, சேலத்து அம்மாவிடம் மறுபடி காட்ட வேண்டும்.