கலியமூர்த்தி அண்ணன் நோட்டில் எழுதிய ‘லா’

இதை எழுத நம் அலுவலகத்தில் என்னைவிடப் பொருத்தமானவர்கள் பலர் இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது எனக்கு வாய் எழவில்லை. பிறகு நானே போய், இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, முந்தின நாள் கலியமூர்த்தி அண்ணன் கொடுத்துவிட்டுப் போன எண்களைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பியூன் ராமையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏசி அறைக்குள் வந்தார். “கலியமூர்த்தி போயிட்டாரும்மா. கோட்டுச்சேரி திருப்பத்துல சைக்கிள்ல வந்தவர லாரி அடிச்சிருச்சு.”

“எந்தக் கலியமூர்த்தி?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே கலியமூர்த்திதான். எழுந்திருக்கும் முன் அதுவரை ஏற்றியதை ஃப்ளாப்பியில் சேமித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் புரியவில்லை. திரையில் கடைசியாக நின்ற எண் பதினான்கு. அதை எண்ணியவர் இல்லை என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. அவருக்கு முப்பத்தாறு வயதுதான்.

மற்றப் பிரிவு நண்பர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வரிச்சிக்குடி வயல்களில் வைத்த கிட்டிகளில் எத்தனை எலி விழுந்தது என்று தினமும் காலையில் எண்ணி நோட்டில் குறிப்பது அவர் வேலை. அந்த எண்களைப் புள்ளிவிவர மென்பொருளில் ஏற்றுவது என் வேலை. நடவு முதல் அறுவடை வரை எலி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று அது கோடு போட்டுக் காட்டும்.

அவர் அந்த ஏசி அறைக்குள் வந்ததே இல்லை. “என் கால் சேறு உங்க பொட்டிக்கு ஆவாதுங்க, கம்ப்யூட்டரம்மா” என்று வாசலிலேயே நிற்பார். ஒருநாள் ஒரே ஒரு எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வந்தார். “இன்னிக்கு இது ஒண்ணுதானாண்ணே?” என்றேன். “ஒண்ணுதானேன்னு நெனைக்காதீங்க. வயித்தப் பாருங்க, மாசமா இருக்கா. உங்க கோடு மேல ஏற இவ ஒருத்தி போதும்.”

இனிச் சொல்லப்போவது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில் நடந்தது. மென்பொருள் போட்ட கோடு ஐந்து வாரம் தரையோடு கிடந்து, பிறகு செங்குத்தாக ஏறியது. அதிகாரி ஐயா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “எலி என்ன வானத்துலேருந்தா குதிச்சுது? அஞ்சு வாரம் வயலுக்கே போவாம வீட்ல உக்காந்து பூஜ்யம் போட்டியா?”

“தெனம் போனேங்க” என்றார். ‘களப்பணியில் கவனக்குறைவு’ என்று அவருடைய கோப்பில் குறிப்பு ஏறியது. நான் ஏசி அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். “அண்ணே, இந்த ‘லா’ன்னா இல்லைன்னுதானே?”

சிரித்தார். “லாபங்க! நெல் அளக்கறப்ப ஒண்ணுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? லாபம், ரெண்டு, மூணு. எங்க அப்பா அப்படித்தான் அளப்பாரு. எனக்குக் கையும் அப்படியே எழுதிடுது.”

எங்கள் வீட்டில் நெல் அளந்ததில்லை. அப்பா காரைக்காலில் தையல்காரர். அரிசியைப் படிக்கணக்கில் கடையில் வாங்கித்தான் பழக்கம். ‘இல்லா’ என்பதைச் சுருக்கி எழுதியிருக்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டு, ‘லா’ கண்ட இடமெல்லாம் பூஜ்யம் போட்டிருந்தேன். முதல் ஐந்து வாரமும் அவர் ஒவ்வொன்றாகப் பிடித்த எலிகள் அத்தனையும் என் விரலில் காணாமல் போயிருந்தன. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

அவருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. “ஐயாகிட்ட நான் சொல்லிடறேண்ணே” என்றேன்.

“நீங்க வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. இன்னும் நிரந்தரமாவல. உங்க வீட்லயே மொதல்ல படிச்ச புள்ள. எனக்கு ஒரு குறிப்பு ஏறுனா என்ன, எலியா வந்து கடிக்கப்போவுது? வுடுங்க. கணக்க மட்டும் திருத்திடுங்க.”

கணக்கைத் திருத்தினேன். கோடு ஒழுங்காக வளைந்து ஏறியது. எப்படிச் சரியானது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அவர் அதன்பிறகு ஒன்றைப் பெரிதாக ‘1’ என்று எழுதி, “பாத்துக்குங்க, இது இருக்குங்க” என்று கேலி செய்ததோடு சரி.

அந்த முதல் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஞாபகத்துக்காக வைத்திருப்பதாக இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் எடுத்துப்போனது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவர் சொன்ன அந்த ‘வுடுங்க’வும்தான்.

போன வாரம் அண்ணி கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். அதனோடு, அந்தக் குறிப்பு ஏறிய அண்ணனின் கோப்பையும் கட்டி மேலே அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியது அதற்காகத்தான். ஐயா, நோட்டை நாளைக் காலை உங்கள் மேசையில் வைக்கிறேன். கோப்பு போகும் முன், அந்தக் குறிப்பில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.