சலாம் வைத்த கை

முப்பது வருடங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்கு முன்னால் நின்றவன் நான். ஈர இலை ஒரு பக்கம் உள்ளே போகும், கறுப்புத் தூளாக மறுபக்கம் கொட்டும். மேலே சிவப்பு இலக்கத்தில் எரியும் சூட்டளவைப் பார்த்து நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை. போன வருடம் அந்த எண் எனக்குத் தெரியாமல் போயிற்று. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணைப் பிடித்துவிட்டது என்றார் மருத்துவர். எதை நேராகப் பார்த்தாலும் புகை.

யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் கோலாலம்பூரில் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறாள். அங்கே போய் எங்கே படுப்பது? மனைவி கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி விற்கிற கடையில் நிற்பவள். அவளுக்குத் தெரிந்தால் அழுவாள், அழுதால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் மகளிடம் மட்டும் சொன்னேன்.

அவள்தான் அந்தக் கண்ணாடியை வாங்கி அனுப்பினாள். பார்க்கச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே கேமரா, காதருகே பேசும் ஒரு குரல். போனில் பாடம் நடந்தது.

"அப்பா, காதுல மாட்டுற வலது பக்கத் தண்ட விரலால தொட்டுக்கிட்டே இருங்க. எதிர்ல என்ன இருக்குன்னு அது சொல்லும். முன்னுக்கும் பின்னுக்கும் தடவுனா சத்தம் கூடும், கொறையும். மேல ஒரு பட்டன் இருக்குல்ல, அத மட்டும் அமுக்காதீங்க. ஒரு தடவ அமுக்குனா போட்டோ, அமுக்கிப் புடிச்சா வீடியோ. வாயால கேட்டாலும் பதில் சொல்லும் லா, ஆனா இங்கிலீஷ்ல கேக்கணும்."

என் இங்கிலீஷ் அதற்குப் புரியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "வாட் நம்பர், வாட் நம்பர்" என்று கெஞ்சினேன். அது ஏதோ ஊரின் வானிலையைச் சொன்னது. வாளியில் தூக்கிப் போட்டுவிடலாமா என்றிருந்தது. தொழிற்சாலை இரைச்சலில் அந்த வழியும் இல்லை. ஆகவே விரல்தான். காது ஓரம் சொறிவது போலத் தண்டைத் தொடுவேன், "நைன்டி சிக்ஸ்" என்று காதில் விழும், வால்வைத் திருப்புவேன். நாளெல்லாம் சொறிந்தேன். பேன் பிடித்திருக்கிறதா என்று கேட்டவர்கள்கூட உண்டு. மனைவியிடம் பாட்டுக் கேட்கிற கண்ணாடி என்று சொல்லியிருந்தேன். மூன்று மாதம் அப்படி ஓடியது.

எங்கள் மேனேஜர் சின்ன வயது, ஈப்போத் தமிழர். எங்களுக்கு அவரும் துரைதான். புதிதாக வந்தவர்கள் அவருக்கு குட் மார்னிங் சொல்வார்கள். நான் சலாம் வைப்பேன். அது என் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்: வலது கையை நெற்றி ஓரத்தில் வைத்தால், துரை தாண்டிப் போகிறவரை இறக்கக் கூடாது. கண்ணாடி வந்த பிறகு துரை வருகிறார் என்று தெரிந்தாலே, கை பட்டன் பக்கம் போகாதபடி ஏதாவது ஒரு மூட்டையைத் தூக்கிக்கொள்வேன். அன்று மதியம் டிரையரை நிறுத்திச் சுத்தம் செய்யப் போகும் நேரம், அவர் பின்பக்கமாக வந்து எதிரே நின்றுவிட்டார். என் கை தானாக மேலே போயிற்று. கட்டைவிரல் அந்தப் பட்டனில் அழுந்தியது. இறக்கவில்லை, அவர் இன்னும் தாண்டவில்லையே.

"அங்கிள், கண்ணாடியில லைட் எரியுது. ரெக்கார்ட் பண்றீங்களா?"

அதற்கு முந்தின வாரம்தான் யாரோ தொழிற்சாலைக்குள் எடுத்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றி, அவர் மேலிடத்தில் திட்டு வாங்கியிருந்தார். படம் எடுத்தவன் என்றால் இன்றே வெளியே. கண் தெரியாதவன் என்றால் மாதக் கடைசியில் வெளியே. திருட்டுப் பெயர் வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இல்லீங்க துரை. கண்ணு தெரியல. இதுதான் எனக்குப் படிச்சுச் சொல்லுது."

"கழட்டுங்க" என்றார். கழற்றினேன். "மேல என்ன நம்பர்?"

இலை வேகும் வாசனை மூக்கில் இருந்தது, சூடு கன்னத்தில் அடித்தது. வாய் முந்திக்கொண்டது. "தொண்ணூத்தெட்டு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தொண்ணூற்றெட்டேதான். முப்பது வருடத் தொழில் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

"நல்லாத்தான் தெரியுது. ஏன் பொய் சொல்றீங்க அங்கிள்?"

வாசனையில் சொன்னேன் என்றால் யார் நம்புவார்கள்? வேறு ஏதாவது கேளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கண் தெரியாது என்று நிரூபிக்கக் கெஞ்சிய மனிதன் நானாகத்தான் இருப்பேன். அவர் டிரையரை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் அடங்கியது.

"அதோ, வாசல்ல நிக்கிறது யாரு?"

திரும்பினேன். பளீரென்ற வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் நிழல், ஏதோ உடை. தொழிற்சாலை பார்க்க வருகிறவர்கள் வழி தவறி அந்த வாசலில்தான் நிற்பார்கள்.

"விசிட்டர்ங்க துரை" என்றேன். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் நிழலைப் பார்த்துக் குனிந்து, "மேடம், கேலரி மேல இருக்கு, அந்தப் படியில போங்க" என்றும் சொன்னேன்.

அந்த நிழல் படிப் பக்கம் போகாமல் பேசியது.

"என்னாங்க, நான்தாங்க. சோத்துப் பொட்டிய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்க."

"நம்புறேன் அங்கிள்" என்றார் துரை. குரல் தணிந்திருந்தது. ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். வேலை முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மனைவி கிட்டே வந்தாள். "எத்தனை நாளா?"

"ஒரு வருஷம்" என்றேன்.

அவள் அழுவாள் என்றுதான் இருந்தேன். அழவில்லை. சோற்றுப் பெட்டியை என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தாள்.

"ஒரு வருஷமா நான் பொடவை மாத்தி மாத்திக் கட்டி நல்லாருக்கான்னு கேட்டேன். நல்லாருக்கு, நல்லாருக்குன்னு யாரப் பாத்துச் சொன்னீங்க?"